மாமா போட்ட முதல் கையெழுத்து

எங்கள் குடும்பத்தில் கடன் என்று வாய்விட்டுச் சொல்லலாம். டைவர்ஸ் என்றுகூட இப்போதெல்லாம் குரலைத் தாழ்த்திச் சொல்லிவிடலாம். உயில் என்று மட்டும் சொல்லக்கூடாது. சொன்னால் சோறு போட்டுக்கொண்டிருக்கும் கரண்டி அந்தரத்தில் நிற்கும். எழுதினவன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிடுவான் என்பது எங்கள் ஆட்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. நான் மூன்று உயில் எழுதிவிட்டு இன்னமும் ஆயர் ஈத்தாம் பாசாரில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்த இரண்டாவது உயில் இருக்கிறதே, அதை எழுதியபோது நம்பிக்கை பலித்திருந்தால் தேவலை என்று நினைக்கும்படி ஆகிவிட்டது.

முதல் உயிலை எழுதியபோது நான் பிரம்மச்சாரி. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை கிடைத்த புதிது. கேன்டீனுக்கு வந்த ஒரு முகவர் பேசிய பேச்சில் மயங்கி, சொத்து முழுவதையும் அக்கா பேரில் எழுதிவைத்தேன். சொத்து என்பது ஒரு மோட்டார் சைக்கிள் (முக்கால்வாசி பேங்குக்குச் சொந்தம்), ஒரு ரேடியோ, ஒரு மீன் தொட்டி. மீன்களை யார் பராமரிக்க வேண்டும் என்று தனியாக ஒரு பத்தி வேறு. அந்தக் காகிதத்தை அலமாரியில் பூட்டிவைத்துவிட்டு, உலகத்தில் என் வேலை முடிந்தது என்கிற மாதிரி கொஞ்ச நாள் நடந்து திரிந்தேன்.

பிறகு கல்யாணம் ஆனது. மகள் பிறந்தாள். ஆயர் ஈத்தாமில் ஒரு ஃபிளாட் வாங்கினோம். மோட்டார் சைக்கிள் திருடு போனது. மீன்கள் எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தன. தொழிற்சாலைகூட தீவை விட்டுக் கடல் பாலம் தாண்டி பத்து காவானுக்கு மாறிவிட்டது. உயில் மட்டும் அலமாரியில் அப்படியே இருந்தது.

ஒருநாள் வேலையிடத்தில் சட்ட விளக்கக் கூட்டம் என்று அறிவித்தார்கள். நெத்திலிச் சம்பல் வைத்த நாசி லெமாக் சோறு கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் போனேன். பேச வந்தவர் அமுதா என்ற தமிழ் லாயர். எடுத்த எடுப்பிலேயே, "முஸ்லிம் அல்லாதவங்க யாராச்சும் கல்யாணத்துக்கு முன்னாடி உயில் எழுதியிருந்தா, தாலி கட்டுன அன்னிக்கே அது செல்லாம போச்சு" என்றார். எனக்கு நெத்திலி தொண்டையில் சிக்கிக்கொண்டது. இத்தனை வருடமாக நான் பூட்டிவைத்திருந்தது வெறும் காகிதம்.

காகிதம் போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். என்னை உட்காரவிடாமல் செய்தது நிபோங் திபால் வீடு. அப்பா பைராம் தோட்டத்தை விட்டு வெளியேறியபோது சேமநிதிப் பணத்தைப் போட்டு வாங்கிய மலிவு விலைத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு அது. அதன் கிராண்டை, அதாவது பட்டாவை, ஆம்பளப் பிள்ளை பேரில் இருக்கட்டும் என்று என் பேரில் போட்டுவிட்டார். அந்த ஆம்பளப் பிள்ளை தீவுக்குப் பிழைக்கப் போய்விட்டான். அப்பாவைக் கடைசிவரை குளிப்பாட்டிச் சோறூட்டிப் பார்த்துக்கொண்டவள் அக்காதான். அக்காவும் மாமாவும் அந்த வீட்டில்தான் இன்றும் இருக்கிறார்கள். இப்போதே பேர் மாற்றலாம் என்றால், அந்த மாதிரி வீட்டுக்கு மாநில அரசின் அனுமதி வேண்டும். அது வருகிறபோதுதான் வரும். அதுவரைக்கும் உயில்தான் வழி.

அடுத்த வாரமே ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீட்டு மாடியில் இருந்த அமுதாவின் அலுவலகத்துக்குப் படியேறினேன். முழுக்கதையையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "சார், நீங்க இப்ப கீழ போயி பஸ்ல அடிபட்டீங்கன்னா, எல்லாம் உங்க வைஃபுக்கும் மகளுக்கும்தான். உங்க அக்காவுக்கு அந்த வீட்ல ஒரு செங்கல்கூட கெடையாது."

என் மனைவி தேவியிடம் இதைச் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்தது. "நான் என்ன உங்க அக்காவ வெரட்டிவிட்ருவனா?"

"நீ வெரட்டமாட்ட. நாளைக்கு மருமகன்னு ஒருத்தன் வருவான்லா."

மகள் அப்போதுதான் கல்லூரிக்குப் போக ஆரம்பித்திருந்தாள். இருந்தாலும் இருவருமாகச் சேர்ந்து அந்த வராத மருமகனைக் கொஞ்ச நேரம் திட்டினோம். அதில் சமாதானம் ஆகிவிட்டோம்.

உயில் தயாரானது. ஃபிளாட்டும் மற்றதும் மனைவிக்கும் மகளுக்கும். நிபோங் திபால் வீடு அக்காவுக்கு. அமுதா காகிதத்தை என் முன்னால் வைத்து விளக்கினார். "ரெண்டு சாட்சி வேணும். நீங்க சைன் போடறப்போ ரெண்டு பேரும் கூடவே இருக்கணும். எங்க ஆபீஸ் பொண்ணுங்களே போட்ருவாங்க. வெளியாள்னா, உயில்ல பேர் இருக்கறவங்க யாரும் போடக்கூடாது, அப்புறம்..."

அந்த 'அப்புறம்' வரும்போது நான் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நகராண்மைக் கழக ஆள் ஒருவர் அபராதச் சம்மன் புத்தகத்தோடு என் காரைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். நான் அமுதாவைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே காகிதத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினேன். (தலையாட்டுவது எனக்குத் தொழில். தொழிற்சாலைக் கூட்டங்களில் தலையாட்டியே சூப்பர்வைசர் ஆனவன் நான்.) சம்மனிலிருந்து தப்பித்தேன். அன்றைக்கு நான் தப்பித்தது அது ஒன்றிலிருந்துதான்.

வீட்டுக்கு வந்ததும் அடையாளக் கார்டு எண்ணைச் சரிபார்க்க அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, உங்க ஐசி நம்பர் கொஞ்சம் சொல்லுங்க."

"எதுக்கு தம்பி?"

"உயில்ல போடணும்."

போனில் ஒரு கரண்டி கீழே விழும் சத்தம் கேட்டது. பின்னாலேயே மாமாவின் குரல்: "யாரு, என்னா உயில், எவன் சாட்சி?"

வேலு மாமா என் அக்காவின் கணவர். தொழிற்சாலை பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். என் கல்யாணத்துக்கு உறவுக்காரர்கள் அத்தனை பேரையும் தன் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தவர் அவர்தான். எல்லாரையும் வாசலில் இறக்கிவிட்டு பஸ்ஸை நிறுத்த இடம் தேடிப் போனார். திரும்பி வருவதற்குள் மேடையில் குடும்பப் புகைப்படம் எடுத்து முடித்துவிட்டார்கள். எல்லாரும் இருக்கிறார்கள், எல்லாரையும் கொண்டுவந்தவர் மட்டும் இல்லை. அதற்குப் பிறகு என் மகளுக்குக் காது குத்தும்வரை மாமா என்னோடு பேசவில்லை. ஒரே அறையில் எதிரெதிராக உட்கார்ந்திருந்தாலும், "உன் தம்பிய அந்தத் தண்ணிய எடுக்கச் சொல்லு" என்று அக்கா வழியாகத்தான் வரும்.

அப்படிப்பட்டவர் போனை வாங்கிக் கேட்டார். "மச்சான், சாட்சி யாரு?"

"லாயர் ஆபீஸ்ல ரெண்டு பொண்ணுங்க போடுவாங்க மாமா."

"ஓஹோ. பேர் ஊர் தெரியாத புள்ளைங்க போடலாம்."

அவ்வளவுதான் சொன்னார். அந்த மௌனத்தில் ஒரு பஸ் நிறுத்த இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்ததை நான் தெளிவாகக் கேட்டேன். உடனே மூளை வேலை செய்தது. (அதுதான் வினை.) உயிலில் பேர் இருப்பவர்கள் போடக்கூடாது. பேர் இருப்பது அக்காவுக்கு. மாமாவின் பேர் ஒரு மூலையில்கூட இல்லை. ஆகவே மாமா போடலாம். தரக்கட்டுப்பாட்டுக்காரன் தலையில் உதித்த தர்க்கம் அது.

"நீங்கதான் மாமா மொத சாட்சி. நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பாலத்தைக் கடந்து நிபோங் திபால் போனபோது வாசலில் கோலம் போட்டிருந்தது. மாமா ராகு காலம், எமகண்டம் எல்லாம் பார்த்து நேரம் குறித்திருந்தார். பட்டுப்போன்ற பாத்தேக் சட்டை, புதுப் பேனா. அக்கா கேசரி கிண்டியிருந்தாள். வெற்றிலை பாக்குத் தட்டின் மேல் என் உயில். இரண்டாவது சாட்சி பக்கத்து வீட்டு ஆ ஹெங். தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த சீனர், எங்களைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். அவர் என்னைப் பார்த்து, "ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே தம்பி?" என்று கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நான் கையெழுத்துப் போட்டேன். மாமா பேனாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தன் பேரை முழுசாக எழுதினார். அப்பா பேரையும் சேர்த்து எழுதினார். அடியில் ஒரு கோடு, அந்தக் கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி. ஆ ஹெங் போடுவதற்குக் காகிதத்தில் இடம் தேட வேண்டியிருந்தது. அக்கா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் நெகிழ்ந்துதான் போனேன். அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று நெஞ்சு நிறைந்திருந்தது.

மாமா ஆ ஹெங்கைப் போட்டோ எடுக்கச் சொல்லி, அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அந்தப் படத்தை நீங்கள் பார்க்க வேண்டும். எனக்குப் பின்னால் சுவரில் மாலை போட்ட அப்பாவின் படம், பக்கத்தில் ஏற்றிய விளக்கு. நடுவில் நான், சரியாகக் கண் மூடிய நேரம். கீழே மாமா எழுதியிருந்தார்: 'மச்சான் உயில். முதல் சாட்சி நான்.' கூடவே கைகூப்பும் பொம்மை மூன்று.

மறுநாள் மாலையிலிருந்து எங்கள் ஃபிளாட்டில் மின்தூக்கி ஓயவில்லை. உறவுக்காரர்கள் ஆரஞ்சும் பிஸ்கட் டின்னும் கோழிச் சாறு பாட்டில்களுமாக வந்து இறங்கினார்கள். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய் தேவியிடம், "எவ்ளோ நாள் சொல்லியிருக்காங்க?" என்று விசாரித்தார்கள். ஒன்றுமில்லை என்று நான் சொன்னால், "இவனுக்கு இன்னும் சொல்லல போல" என்று கண்ணால் பேசிக்கொண்டார்கள்.

சுங்கை பட்டாணியிலிருந்து வந்த பெரியப்பா மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார். "தம்பி, மன்னிச்சிருடா. ஒனக்கு மொதல்ல பாத்தாங்களே ஒரு பொண்ணு, அந்த வீட்ல நீ குடிப்பேன்னு சொல்லிக் கலைச்சது நான்தான்."

தேத்தண்ணி கொண்டுவந்த தேவி தட்டை வைத்துவிட்டு அமைதியாகச் சொன்னாள். "எங்க வீட்டுக்கும் வந்து சொல்லியிருக்கலாம்லண்ணே."

கோழிச் சாறு குடித்துக் குடித்து நான் ஒரு சுற்றுப் பெருத்த நிலையில், உயிலைப் பத்திரமாக வைக்கச் சொல்லிக் கொடுக்க அமுதாவிடம் போனேன். அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். விரல் மாமாவின் கோட்டிலும் புள்ளிகளிலும் நின்றது.

"இது யாரு சார், வேலு?"

"என் மாமா. அக்கா வீட்டுக்காரர்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அன்னிக்கு நான் என்ன சொன்னேன்?"

"உயில்ல பேர் இருக்கறவங்க போடக்கூடாதுன்னு."

"அப்புறம்?"

"அப்புறம் நான் காருக்குப் போயிட்டேன்."

"அப்புறம் என்ன சொன்னேன்னா, அவங்க புருஷன் பொண்டாட்டியும் போடக்கூடாது. போட்டா உயில் செல்லும். அவங்களுக்கு எழுதி வச்சது மட்டும் செல்லாது."

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த உயிலில் எல்லா வரியும் சட்டப்படி நிற்கும். எந்த ஒரு வரிக்காக நான் படியேறி வந்தேனோ அந்த வரி மட்டும் நிற்காது. மாமா இரண்டு புள்ளி வைத்துத் தன் பெண்டாட்டியின் வீட்டைத் தானே அழித்திருந்தார். அழிக்கச் சொல்லி வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தவன் நான்.

"பெரிய விஷயமில்ல சார். புதுசா ஒண்ணு எழுதி, வேற சாட்சி வச்சி சைன் போட்டா முடிஞ்சது" என்றார் அமுதா.

சட்டம் படித்தவருக்கு அது பெரிய விஷயமில்லை. வேலு மாமாவிடம் போய், மாமா உங்கள் கையெழுத்தை எடுத்துவிட்டு ஆபீஸ் பெண்களின் கையெழுத்தைப் போடப்போகிறோம் என்று யார் சொல்வது? போட்டோவில் விடுபட்டதற்கே வருடக்கணக்கில் பேசாதவர். இதற்கு என் சந்ததிகளோடும் பேசமாட்டார். ஆகவே என் வழக்கப்படி ஒரு குறுக்குவழி யோசித்தேன். அவருக்குச் சொல்லாமலே புதிதாக எழுதிவிடுவது.

தேவி கேட்டாள். "நீங்க போனப்புறம் உயில வெளிய எடுப்பாங்க. அதுல மாமா சைன் இருக்காது. அன்னிக்கு அவர் மூஞ்ச யாரு பாக்குறது?"

"நான்தான் இருக்கமாட்டேனே."

"நான் இருப்பேன்லா." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "அதுல எக்ஸிகியூட்டர்னு என் பேர் போட்ருக்கீங்கள்ல, அத அவருக்குக் குடுத்துருங்க. பேங்க் பேங்க்கா அலையற வேல எனக்கு வேணாம்."

எக்ஸிகியூட்டர் என்றால் உயிலில் எழுதியதை எழுதியபடி நிறைவேற்றுபவர். அமுதாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். மாமா அதுவாக இருப்பதற்குத் தடையேதும் இல்லை என்றார். இந்த முறை போனைக் காதிலிருந்து எடுக்காமல் கடைசிவரை கேட்டேன்.

அடுத்த ஞாயிறு மறுபடி பாலம், மறுபடி நிபோங் திபால். உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்த அந்தப் போட்டோ. நான் தோசை தின்றேன். மழையைப் பற்றிப் பேசினேன். பாலத்தில் நெரிசல் என்றேன். இன்னொரு தோசை தின்றேன். கடைசியில் அக்காதான், "என்னா தம்பி, முழுங்க முடியாம எதையோ வச்சிருக்க" என்றாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

மாமா எழுந்து வெளியே போனார். குழாயைத் திறந்து தன் மோட்டார் சைக்கிளைக் கழுவ ஆரம்பித்தார். நானும் அக்காவும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஒருதடவ கழுவுனா ஒண்ணுமில்ல" என்றாள் அக்கா. "ரெண்டாவது தடவ சோப்பு போட்டாதான் கோவம்."

மாமா இரண்டாவது தடவை சோப்பு போட்டார்.

அக்கா என் முதுகில் கை வைத்து வெளியே தள்ளினாள். போய் நின்றேன். அவர் சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டே, நிமிராமல் கேட்டார். "நான் போட்ட சைனால அவ தெருவுல நின்னுருப்பாளா?"

"தேவி விட்ருவாளா மாமா?"

"சட்டப்படி சொல்லு."

"சட்டப்படின்னா, ஆமா."

அவர் குழாயை மூடிவிட்டுப் படியில் உட்கார்ந்தார். முகத்தில் கோபமே இல்லை. பயந்துபோயிருந்தார். "எனக்கே தெரியாம நான் அவள வெளிய தள்ளியிருக்கேன். ஒனக்குத் தெரிஞ்ச அன்னிக்கே வந்து சொல்லவேண்டியதுதான?"

"பயமா இருந்துச்சு மாமா. மறுபடி பேசாமப் போயிருவீங்கன்னு. அந்த வருஷமெல்லாம் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு."

இதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, தேவியிடம்கூட. மாமா துணியைப் பிழிந்தார். பிழிந்த துணியையே மறுபடி பிழிந்தார். "எனக்கு மட்டும் நல்லாவா இருந்துச்சு" என்றார்.

அதுதான் சமயம் என்று எக்ஸிகியூட்டர் கதையை எடுத்தேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"அது சாட்சியவிட பெருசா?"

"ரொம்பப் பெருசு. சாட்சிக்கு அன்னிக்கு ஒருநாள் வேலதான். எக்ஸிகியூட்டர்தான் எல்லாத்தையும் முடிச்சி வைக்கணும். அக்கா பேருக்கு வீட்ட மாத்துறதே நீங்கதான்."

அவர் எழுந்து நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

மூன்றாவது உயிலில் ஆபீஸ் பெண்கள்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். மாமா அதே பாத்தேக் சட்டையில் வெளியறை நாற்காலியில் உட்கார்ந்து, கதவிடுக்கு வழியாக, "பேர் தெளிவா தெரியற மாதிரி போடும்மா" என்று மேற்பார்வை செய்தார். பழைய உயிலை அமுதா கிழிக்கச் சொன்னபோது, தன் கையெழுத்து இருந்த துண்டை மாமா என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். கோடும் புள்ளியும் உள்ள அந்தத் துண்டு இன்னும் அவர் பர்ஸில் இருக்கிறது என்று அக்கா சொல்கிறாள்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைத்தேன். மாமா பொறுப்பெடுத்துக்கொண்டதே அதற்குப் பிறகுதான். என் காரை சர்வீஸுக்கு விட்டேனா என்று கேட்டார் (நாளைக்கு அவர் கைக்கு வரவேண்டிய சொத்தாம்). நான் புதுப் போன் வாங்கியபோது, "எக்ஸிகியூட்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்றார். ஒருநாள் அவருக்கு இன்னொன்றும் உறைத்தது. அவர் என்னைவிட மூத்தவர். நான் போன பிறகுதான் அவருக்கு வேலை. அதுவரை அவர் இருந்தாக வேண்டும். அன்றைக்கே தேத்தண்ணியில் சீனியை நிறுத்தினார். தாமான் திடலைக் காலையில் சுற்ற ஆரம்பித்தார். டாக்டரே ஆச்சரியப்படும் அளவுக்குச் சர்க்கரை இறங்கியது. "ஒனக்காகத்தான் நடக்குறேன்" என்று என்னிடம் சொன்னார். அதற்கு நன்றி சொல்வதா, என் சாவுக்காகத்தான் நடக்கிறார் என்று பயப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

நடந்து முடித்ததும் எனக்குப் போன் வரும். முப்பது வருடம் வீடு வீடாக ஹாரன் அடித்து ஆள் எடுத்த மனிதர் இப்போது ஒரே ஓர் ஆளை எடுக்கிறார்.

"இருக்கியா?"

"இருக்கேன் மாமா."

"சரி. பசியாறு."

போன் வைத்துவிடுவார். ஒருமுறை நான் குளித்துக்கொண்டிருந்ததால் எடுக்கவில்லை. தலை துவட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள், குடும்பக் குழுவில் மறுபடி கைகூப்பும் பொம்மைகள் வர ஆரம்பித்திருந்தன.

சென்ற மாதம் மகளுக்குக் கல்யாணம். நாங்கள் அன்றைக்குத் திட்டிய மருமகன் கடைசியில் வந்தேவிட்டான். நல்ல பையன், முன்பு திட்டியதற்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். மேடையில் எல்லாரையும் நிறுத்திவைத்துப் புகைப்படக்காரர் தயாரானார். மாமாவைக் காணவில்லை. சொந்தக்காரர்களை வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, நிறுத்த இடம் தேடிப் போயிருந்தார். நான் கேமராவுக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டேன். முகூர்த்த நேரத்து வேர்வையில் சம்பந்தி வீட்டார் முறைத்தார்கள். மாமா வந்து மேடையேறும்வரை நான் நகரவில்லை. அவர் வந்தார். சுற்றிப் பார்த்தார். நான் எதற்காக நின்றிருந்தேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கண் கலங்கியபடி என் பக்கத்தில் வந்து தோளோடு தோளாக நின்றார்.

புகைப்படக்காரர் விரலை வைத்த நேரத்தில் மாமா என் காதருகே குனிந்து சொன்னார். "மருமகன் வந்தாச்சு. உயில மாத்தணும். லாயருக்குப் போன் போட்டு நாள் வாங்கிட்டேன்."

அந்தப் படம் இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள். நான் மட்டும் பேயறைந்த முகத்தோடு பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் காரணம் கேட்டால் தேவி முதல் உயிலின் மீன் தொட்டியிலிருந்து ஆரம்பிப்பாள். மாமா சிரிக்காமல் உட்கார்ந்து, விட்டுப்போனதை எடுத்துக்கொடுப்பார்.